பத்து நாள் பயோ ரிவிஷன் கிளாஸ்: கலம் சூப்பர், சூழலியலுக்குத்தான் சூழ்நிலை சரியில்ல

ஏ.எல் (கம்பசுக்குப் போக எழுதுற சோதினை) பயோ செய்யிற தங்கச்சிமார் நாலைஞ்சு பேர் வாட்ஸப்பில "அக்கா அந்த ரிவிஷன் கிளாஸ் எப்பிடி, காசு கட்டிப் போகலாமா" எண்டு கேட்டுக்கொண்டே இருக்கினம், ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் போட்டு எனக்குத் தொண்டை காஞ்சு போச்சு, அதால ஒரேயடியா இங்க எழுதிவிடுறன். இடத்தின்ட பேர் போடமாட்டன், திருகோணமலை டவுனுக்குள்ள தான், அவ்வளவும் போதும். நான் செக்கன்ட் ஷை, அதாவது ரெண்டாந் தரம் சோதினை எடுக்கிறன். முதல் தரம் பயோவுக்கு எஸ், பாஸில கடைசிப் படி. அதையும் சொல்லிட்டன், இனி ஒளிக்க ஒண்டுமில்ல.

பத்து நாள், காலம எட்டுக்குத் தொடங்கி ஒரு மணி வரைக்கும், ஆறாயிரத்தி ஐந்நூறு ரூபா, ரியூட் (கிளாஸில குடுக்கிற அச்சடிச்ச நோட்ஸ்) காசும் அதுக்குள்ள. நோட்டீஸில "கலம் தொடங்கி சூழலியல் வரை" எண்டு கொட்டை எழுத்தில போட்டிருந்தினம். கலம் தொடங்கினது உண்மை. சூழலியல் வரை போனமா எண்டதுதான் பிரச்சினை, அதுக்குப் பிறகு வாறன்.

முதல் நாள் சேர் வந்து புரொஜெக்டரைத் தொடவே இல்ல. சோக்கட்டியும் கரும்பலகையும் தான். "பிள்ளையள், 1665ல ஹூக் தக்கையை வெட்டிப் பார்த்தவர், அவர் கண்டது செத்த கலத்தின்ட வெறும் சுவர், ஆள் போன வீடு" எண்டு தொடங்கி, 1838ல ஷ்லைடன் தாவரத்துக்கு, 1839ல ஷ்வான் விலங்குக்கு, 1855ல வேர்ச்சோ "கலத்தில இருந்துதான் கலம் வரும்" எண்டது வரைக்கும் அஞ்சு நிமிசத்தில முடிச்சிட்டார். எம்.சி.கியூக்கு, அதான் சரியான விடையைத் தெரிவு செய்யிற வினாவுக்கு, அவ்வளவும் காணும், நானும் இதை ரெண்டு வருசமா மாத்தி மாத்திப் பிழை விட்டனான்.

அதுக்குப் பிறகு வந்ததுதான் எனக்குப் பிடிச்சது. கலம் ஏன் சின்னனா இருக்கு எண்டு கேட்டார், ஒருத்தரும் வாய் திறக்கேல்ல, உடன பையில இருந்து உருளைக்கிழங்கை எடுத்து ஒரு சென்ரிமீற்றர், ரெண்டு சென்ரிமீற்றர், மூண்டு சென்ரிமீற்றர் கட்டியா வெட்டி மேசையில வச்சார். முதலாவதுக்கு மேற்பரப்பு 6, கனவளவு 1. ரெண்டாவதுக்கு 24க்கு 8, அதாவது மூண்டுக்கு ஒண்டு. மூண்டாவதுக்கு 54க்கு 27, ரெண்டுக்கு ஒண்டு. ஆள் பெருக்கப் பெருக்க வாசல் போதாமப் போகுது, உள்ளுக்குச் சாப்பாடு போறதும் கஷ்டம், கழிவு வெளிய வாறதும் கஷ்டம். பள்ளிக்கூடத்தில இதை "மேற்பரப்பு கனவளவு விகிதம் குறையும்" எண்டு ஒரு வரியா எழுதித்தான் பாடமாக்கினனாங்கள், ஏன் குறையுது எண்டு அண்டைக்குத்தான் மண்டைக்க ஏறினது. கடைசியில அந்தக் கிழங்கை அவரே வீட்ட கொண்டு போயிட்டார், கறிக்காம்.

பிரசாரணத்துக்கு, அதாவது மென்சவ்வுக்குள்ளால உப்புக் கூடின பக்கத்துக்குத் தண்ணி இழுபடுறதுக்கு, எடுத்த உதாரணம் கருவாடு. மீனில உப்பைப் போட்டா தண்ணி வடியுது, மீனில இருக்கிற பக்டீரியாவின்ட கலத்துக்குள்ள இருக்கிற தண்ணியும் வெளிய இழுபடும், அது வாழேலாம நிக்கும், அதால தான் கருவாடு கெடாம இருக்குது எண்டார். கடல் மீனுக்கும் இதே தலையிடி தானாம், சுத்திவர உப்புத் தண்ணி, உடம்புத் தண்ணி வெளிய போய்க்கொண்டே இருக்கும், அதால அது கடல் தண்ணியைக் குடிச்சு உப்பைப் பூவால (செவுளால) வெளிய தள்ளுது. எங்கட அப்பா திருக்கடலூர்ல இருந்து கடலுக்குப் போறவர், இரவு சாப்பிடேக்க இதைச் சொன்னன். "மீன் தண்ணி குடிக்குமெண்டு நீ இப்பவா கண்டனி" எண்டார். சரி.

நொதியம், அதான் கலத்துக்குள்ள நடக்கிற தாக்கங்களை விரைவாக்கிற புரதம், படிப்பிக்கேக்க கன்னியாப் பக்கத்தில இருந்து வாற ஒரு பெடியன் எழும்பி "சேர், நொதியம் சூட்டில உருக்குலையும் எண்டா வெந்நீர்க் கிணத்துக்க பக்டீரியா எப்பிடி இருக்கும்" எண்டு கேட்டான். எல்லாரும் சிரிச்சம், சேர் சிரிக்கேல்ல. கன்னியாவில ஏழு கிணறும் அள்ளிக் குளிக்கக்கூடிய சூடுதான், அமெரிக்காவில யெலோஸ்டோன் எண்ட இடத்தில 70 பாகை அளவில வாழுற தேர்மஸ் அக்குவாற்றிக்கஸ் எண்ட பக்டீரியா இருக்கு, அதின்ட நொதியம் அந்தச் சூட்டிலயும் அசையாது, அதை எடுத்துத்தான் பி.சி.ஆர் எண்டு டீ.என்.ஏயைப் பெருக்கிற வேலையே நடக்குது எண்டு அரை மணித்தியாலம் கதைச்சார். சிலபஸ் ஓடேல்ல எண்டு பின்னால இருந்த ரெண்டு பேர் முணுமுணுத்தினம். எனக்கெண்டா அந்த அரை மணித்தியாலம் தான் குடுத்த காசுக்குப் பெறுமதி.

இனி குறை. ரியூட். போட்டோக்கொப்பிக்குப் போட்டோக்கொப்பி எடுத்து, இழைமணி (கலத்துக்குச் சக்தி எடுத்துக் குடுக்கிற பகுதி) படம் கருகின பாண் துண்டு மாதிரி இருக்கு, உள்மென்சவ்வின்ட மடிப்பு எங்க, இடைவெளி எங்க எண்டு சாத்திரம் பார்க்க வேணும். அதைவிடப் பெரிய பிழை கலச்சுவாசத்தில. பதினோராம் பக்கத்தில ஒரு குளுக்கோசுக்கு 38 ஏ.ரி.பி (கலம் செலவழிக்கிற சக்திக் காசு மாதிரி) எண்டு கிடக்கு, பதினாலாம் பக்கத்தில 32 எண்டு கிடக்கு. ரெண்டு ரியூட்டை வெட்டி ஒட்டினது எண்டு குழந்தைக்கும் தெரியும். கேட்டனான். சேர் மழுப்பாம "பிழைதான் பிள்ளை" எண்டு ஒத்துக்கொண்டு பலகையில கணக்குப் போட்டுக் காட்டினார்: சக்தியைக் காவிக்கொண்டு வாற ரெண்டு மூலக்கூறு இருக்கு, பழைய கணக்கில ஒரு என்.ஏ.டி.எச்சுக்கு 3, ஒரு எஃப்.ஏ.டி.எச்2க்கு 2. இப்ப 2.5உம் 1.5உம். பத்து என்.ஏ.டி.எச்சுக்கு 25, ரெண்டு எஃப்.ஏ.டி.எச்2க்கு 3, நேராக் கிடைக்கிற 4, கூட்டினா 32. குளுக்கோசை முதல்ல உடைக்கிற கிளைக்கோப்பகுப்பில வாற என்.ஏ.டி.எச் இழைமணிக்குள்ள எந்த வழியால போகுது எண்டதைப் பொறுத்து 30க்கும் இறங்கும். நல்ல விளக்கம். ஆனா நான் கேக்காட்டி மிச்சம் நூத்திச் சொச்சம் பேரும் ரெண்டு விடையையும் பாடமாக்கிக்கொண்டு போயிருப்பினமே?

பிறப்புரிமையியலுக்கு வாசல்ல கழட்டி விட்ட செருப்பு தான் நிறமூர்த்தம் (பரம்பரையலகைக் காவுறது). சோடி சோடியா மேசையில அடுக்கி, ஒரு கலம் அதே மாதிரி ரெண்டாகிற இழையுருப்பிரிவில என்ன நடக்குது, முட்டையும் விந்தும் உண்டாகிற ஒடுக்கற்பிரிவில சோடி எப்பிடிப் பிரியுது, 46 எப்பிடி 23 ஆகுது எண்டு காட்டினார். சோடி நிறமூர்த்தம் துண்டு மாத்திக்கொள்ளுற குறுக்குப்பரிமாற்றத்துக்கு செருப்பு வாரைக் கழட்டி மாத்தப் போய் ஒரு பிள்ளையின்ட செருப்பு அறுந்து போச்சு, சேர் பிறகு புதுச்செருப்புக்குக் காசு குடுத்தவர். இரத்த வகையும் நல்லாப் போச்சு, அம்மா ஓ, அப்பா ஏபி எண்டா பிள்ளைக்கு ஏ அல்லது பி தான், ஓவும் வராது ஏபியும் வராது எண்டு எங்களையே கட்டம் போட வச்சார்.

கூர்ப்பு (பரிணாமம்) ஒரு மணித்தியாலம், டார்வின், 1859, இயற்கைத்தேர்வு, முடிஞ்சுது. மனித உடற்றொழிலுக்கு வேற ஒரு சேர், அவர் ஸ்லைடைப் பார்த்து வாசிச்சார், நாங்களும் ஸ்லைடைப் பார்த்து வாசிச்சம். அதைப் பற்றி எழுத வேற ஒண்டுமில்ல.

பத்தாம் நாள் தான் சூழலியல். மூண்டு மணித்தியாலம் ஒதுக்கினது, பத்தரைக்குக் கரண்ட் போச்சு, மைக் இல்ல, தகரக் கூரை, ஃபேனும் இல்ல, பின் வாங்கில இருக்கிற எங்களுக்கு சேரின்ட வாய் அசையிறது மட்டும் தான் தெரிஞ்சுது. கரண்டுக்கு அவை என்ன செய்யிறது, விடுவம். எனக்குக் கோவம் ரியூட்டில. உணவுச்சங்கிலிக்கு என்ன உதாரணம் தெரியுமோ? புல், வரிக்குதிரை, சிங்கம்! திருகோணமலையில இருந்துகொண்டு!

கோட்டைக்குள்ள போய்ப் பாருங்கோ, கோணேசர் கோயிலுக்குப் போற வழியில புள்ளிமான் ஆக்களோட ஆக்களா நிக்கும். கொன்று தின்ன சிறுத்தை டவுனுக்குள்ள இல்ல, புல்லும் காணாது, அப்ப அது குப்பையைக் கிண்டுது, ஷொப்பிங் பேக்கை விழுங்குது, அசைபோடுற வயித்துக்க அது சமிக்காம அப்பிடியே கிடக்கும். தாங்கும் கொள்ளளவு (ஒரு இடம் எத்தினை உயிரைத் தாங்கும் எண்டது), இரைகௌவி இல்லாத குடித்தொகை, மனிசர் போடுற தீனி எண்டு ஒரு முழு அமைப்புக் கட்டுரை வினா அந்த மான் கூட்டத்துக்குள்ளயே நிக்குது.

கிண்ணியாப் பக்கம் போனா கண்டல், கரையோரச் சேத்தில வளருற காடு. சேத்துக்க ஒட்சிசன் இல்லாததால கண்ணா மரத்தின்ட வேர் மேல பென்சில் நட்ட மாதிரி எழும்பி மூச்சு விடுது, கண்டல் மரத்தில விதை மரத்தில இருக்கேக்கயே முளைச்சுத் தொங்குது. நிலாவெளிக்கு முன்னால புறாமலை, 2003ல தேசியப் பூங்கா ஆக்கினது, அங்க முருகைக்கல் (பவளப்பாறை). முருகைக்கல் கல்லில்ல, மரமுமில்ல, விலங்கு, அதின்ட இழையத்துக்குள்ள பாசி இருந்து ஒளித்தொகுப்புச் செய்து சாப்பாடு குடுக்குது, தண்ணி வழமையான கோடைச் சூட்டை விட ஒரு பாகை கூடிக் கிழமைக்கணக்கா நிண்டாலே அந்தப் பாசி வெளிய போயிடும், முருகைக்கல் வெளிறிப் போகும். 1998ல தெற்கு, மேற்குக் கரையில அப்பிடித்தான் பெரிசா நடந்தது. ஒன்றியவாழ்வுக்கு இதை விட்டிட்டு ரியூட்டில லைக்கன் (பூஞ்சணமும் பாசியும் சேர்ந்து வாழுறது) மட்டும் தான். லைக்கன் சரியான உதாரணம் தான், ஆனா எங்களில ஆர் லைக்கனைப் பார்த்தது?

சக்திக் கடத்தலில பத்து வீதம் எண்ட கணக்கு எனக்கு ரெண்டு வருசமா வெறும் எண்தான், 10,000 கிலோயூல் 1,000 ஆகி 100 ஆகி 10 ஆகுது எண்டு எழுதுவன், அவ்வளவும் தான். கிளாஸ் முடிஞ்ச இரவு அப்பாட்ட "ஏனப்பா அறுக்குளா எப்பவும் குறையத்தான் படுது, சூடை மட்டும் கூடை கூடையா வருது" எண்டு கேட்டன். "சூடையைத் திண்டுதானே அறுக்குளா வளருது, திண்டதெல்லாம் சதையாகுமே, ஓடித்திரியவே பாதி போயிடும்" எண்டார். இதைத்தானே ரியூட்டில வெப்பமா இழக்கப்படுது, சுவாசத்தில போகுது எண்டு போட்டிருக்கு! வரிக்குதிரையை விட்டிட்டு மீன் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தா நாங்கள் எல்லாரும் அண்டைக்கே பிடிச்சிருப்பம்.

மற்றது, இடம். நூத்தி இருபது பேருக்குப் பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஒரு ரொய்லெட், அதுக்கும் கொண்டி இல்ல, ஆராவது வெளிய காவல் நிக்க வேணும். எட்டே காலுக்குப் பிறகு கேற்றைப் பூட்டுவினம், டவுன் பிள்ளையளுக்குச் சரி, மூதூரில இருந்து பஸ்ஸில வாறவை என்ன செய்யிறது, ஒரு நாள் மூண்டு பேர் வெளிய ஒரு மணித்தியாலம் வெயிலுக்க நிண்டவை. இன்டர்வெல்லுக்குத்தான் உள்ள விட்டது. கட்டின காசில அதையும் கழிச்சினமா எண்டு கேட்டா ஒபிசில இருக்கிற அண்ணா ஃபோனைப் பார்க்கிறார்.

போகலாமா எண்டு கேட்டா, போங்கோ. பாஸ்ட் பேப்பர் எம்.சி.கியூ அம்பதில கிளாசுக்கு முதல் எனக்கு 27, முடிஞ்ச கிழமை வேற ஒரு வருசப் பேப்பரில 36, கூடினது முழுக்க கலமும் பிறப்புரிமையியலும் தான், சூழலியல் வினாவில முந்தி விட்ட அதே பிழையைத்தான் திரும்பவும் விட்டனான். முன் ரெண்டு வாங்குக்குள்ள இடம் பிடியுங்கோ, தண்ணிப் போத்தல் கொண்டு போங்கோ, ரியூட்டில படம் வாற இடமெல்லாம் பாடப் புத்தகத்தைப் பக்கத்தில வையுங்கோ. சூழலியலை நீங்களே பாருங்கோ, இல்லாட்டி வேற இடம் தேடுங்கோ.

அடுத்த பட்ச்சுக்கு நோட்டீஸ் ஒட்டியாச்சு. நான் போன கிழமை ஒபிசில போய் நேராச் சொன்னனான், இப்ப சூழலியலுக்கு ரெண்டு நாள் எண்டு போட்டிருக்கினம், சந்தோசம். புது ரியூட்டை ஒரு தங்கச்சி வாங்கி வச்சிருந்தா, புரட்டிப் பார்த்தன். ஏ.ரி.பியைத் திருத்திப்போட்டினம். வரிக்குதிரை இன்னும் நிக்குது.