இலை நுனி கருகுகிறதா? 30 வெள்ளி டிடிஎஸ் மீட்டர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளில் வரவேற்பறைச் செடிகளின் நுனி கருகினால், பலரும் உரம் போதவில்லை என்று இன்னும் ஒரு கரண்டி போடுகிறார்கள். பெரும்பாலும் கேடே அங்கேதான்: மிகுந்த உரம் உப்பாகத் தேங்கி நுனியைக் கருக்குகிறது. நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும், பேனா அளவிலான இந்த டிடிஎஸ் மீட்டர் அந்தத் தவறைத் தடுக்க உதவும்.

செடிக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு 100 மில்லி காய்ச்சி வடித்த நீரை மண்மேல் ஊற்றி, அடியில் சொட்டுவதைச் சேகரித்து அளவிடுங்கள். 1500 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்னும் அளவு) தாண்டினால் வேரில் உப்பு தேங்கியிருக்கிறது. தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். கருகிய நுனி பச்சையாகாது. புதுத் தளிரைத்தான் கவனிக்க வேண்டும்.

குறை ஒன்று: மீட்டர் நீரின் மின்கடத்தலை அளந்து பிபிஎம்மாக மாற்றுகிறது; அந்த மாற்றத்தைச் சில மீட்டர்கள் 500 அளவுகோலிலும் சில 700 அளவுகோலிலும் செய்வதால், ஒரே நீருக்கு வேறு வேறு எண் வரும். மேலே சொன்ன எண் 500க்கானது. மீட்டரைச் சரிபார்க்கவென்றே விற்கும் 342 பிபிஎம் கரைசலில் மாதம் ஒருமுறை சரிபாருங்கள்.

எந்த உப்பு என்று மீட்டர் சொல்லாது, அமிலத்தன்மையையும் காட்டாது. எந்தச் சத்து குறைகிறது என்று அறிய இலையைத்தான் பார்க்க வேண்டும். அடி இலை முழுதும் வெளுத்தால் நைட்ரஜன் குறைவு. அடி இலையில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மஞ்சளானால் மெக்னீசியம். தளிரில் அப்படி ஆனால் இரும்பு. குழாய்நீரில் கலக்கும் ஃபுளோரைடு, டிரசீனா என்னும் வீட்டுச் செடியின் இலை நுனியைக் கருக்கும். அதற்கு மழைநீரே நல்லது. ஏர்கோன் காற்று நேரே படும் செடிக்கு மீட்டரே வேண்டாம், இடத்தை மாற்றுங்கள்.

விலைக்குத் தாராளமாக வாங்கலாம்.