27 அடி டிரெய்லரும் அது நுழையும் இடமும்: ஆறு ஆண்டு அனுபவம்

கலிஃபோர்னியாவில் டிராவல் டிரெய்லர் ஒன்றை (டிரக்கின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு) வாங்கி ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். மாடல் பெயரில் 23 என்று இருந்ததால் நீளமும் 23 அடி என்றே முதல் ஆண்டு முழுவதும் நம்பி, முகாம் முன்பதிவுகளிலும் அவ்வாறே குறிப்பிட்டோம். பிறகொரு நாள் டேப் பிடித்து, கொக்கி முனையிலிருந்து பின்பம்பர் வரை அளந்தபோது 27 அடி வந்தது. யோசெமிட்டி தேசியப் பூங்காவின் அப்பர் பைன்ஸ் முகாமில் டிரெய்லர்களுக்கான உச்ச நீளம் 24 அடி; லோயர் பைன்ஸில் 35 அடி. அந்த நான்கு அடி எங்களுக்கு ஒரு முகாமையே மூடிவிட்டது.

முகாம்களில் இந்த இடநெருக்கடி பழையது. கார்கள் மண்ணை அழுத்திக் கெட்டியாக்குவதால் முகாம் மரங்கள் பட்டுப்போவதைக் கவனித்த எமிலியோ மைனெக் என்ற தாவர நோயியல் அறிஞர், 1930களின் தொடக்கத்தில், ஒருவழிச் சுற்றுப்பாதை, அதிலிருந்து சாய்வாகப் பிரியும் குட்டையான நிறுத்தப் பாதை, அதைத் தாண்டவிடாமல் தடுக்கும் பாறைகள் என்ற அமைப்பைப் பரிந்துரைத்தார். பழைய முகாம்கள் பலவற்றில் இன்றும் அதன் சாயலைக் காணலாம்.

இரண்டாம் ஆண்டில் ஒரு மலை முகாமில் அந்தப் பாறைகளை அருகிலிருந்து பார்த்தோம். 40 அடி என்று பதிவாகியிருந்த இடத்தில் நீளம் குறையவில்லை. ஆனால் நுழைவாயிலின் இருபுறமும் பாறை, எதிரே பைன் மரம், டிரக்கின் முன்பக்கத்தைத் திருப்ப வழியே இல்லை. போதாக்குறைக்கு அது பாதையின் வலப்பக்க இடம். ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் இருக்கும் வண்டியில் வலப்புறமாக ரிவர்ஸ் எடுத்தால், டிரெய்லரின் பின்மூலை பார்வையிலிருந்து மறைந்துவிடும். ஒருவழியாக உள்ளே போய் ஸ்லைடு-அவுட்டை (உள்ளே இடம் கூட, வெளிப்பக்கம் நகர்ந்து நீளும் சுவர்ப்பகுதி) திறந்தபோது, என் மனைவி வெளியிலிருந்து சுவரைத் தட்டினார். மரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒடிந்த கிளைக்கட்டைக்கும் ஸ்லைடுக்கும் இரண்டு விரல் இடைவெளிதான். அன்றிரவு பாதி திறந்த ஸ்லைடுக்குள் பக்கவாட்டில் நடந்தே சமைத்தோம்.

அதன் பின், முன்பதிவுப் பக்கத்தில் நிறுத்தப் பாதையின் நீளத்தை முதலில் பார்க்கிறேன். எங்கள் டிரக் 19 அடி என்பதால் இரண்டும் சேர்ந்து 46 அடியை ஒட்டி வரும். டிரக்கை வேறெங்கும் நிறுத்த முடியாத இடமானால் விட்டுவிடுவேன். அடுத்து, செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் சுற்றுப்பாதையின் இடப்பக்கமா என்று பார்ப்பேன். நேராக நுழைந்து நேராக வெளியேறும் இடம் கிடைத்தால் காட்சி சுமாராக இருந்தாலும் எடுத்துக்கொள்வேன். மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. மின்சாரம் எங்களுக்குப் பெரிய கவலையன்று. 30 ஆம்பியர் இணைப்பு போதும், யோசெமிட்டி முகாம்களில் அதுவும் கிடையாது.

இவ்வளவு பார்த்தும், போய்ச் சேர்ந்ததும் டிரக்கை ஓரமாக நிறுத்திவிட்டு இருவரும் இடத்தை நடந்து பார்ப்போம். அவர் கீழே பாறையையும் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகளையும் பார்ப்பார். நான் மேலே கிளைகளைப் பார்ப்பேன், ஏனெனில் ஏசி பெட்டியோடு சேர்த்து டிரெய்லரின் உயரம் ஏறக்குறைய 11 அடி.