டிராக்டர் டயர் தண்ணீரை இறக்கிய பிறகு: சில பருவங்களின் அனுபவம்

பின்சக்கர டயரில் தண்ணீர் நிரப்பி ஓட்டுவது நம் பக்கத்தில் நெடுநாள் வழக்கம். கோடை உழவில் இறுகிக் கிடக்கும் மண்ணைக் கலப்பை பெயர்க்கும்போது சக்கரம் வழுக்கக் கூடாது. அதற்கு எடை வேண்டும். காசில்லாமல் கிடைக்கும் எடை தண்ணீர்தான். தஞ்சாவூர்ப் பகுதிக் களிமண்ணில் ஓடும் என்னுடைய 35 குதிரைத்திறன் டிராக்டரும் பல ஆண்டுகள் அப்படித்தான் ஓடியது. தண்ணீரை முழுவதும் இறக்கிவிட்டு, கோடை, குறுவை, சம்பா என்று எல்லாப் பருவத்திலும் ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். சேற்று வேலை அதிகம் உள்ளவர், டயரும் பழையதாகிவிட்டால், தண்ணீரை எடுத்துவிடுவதே நல்லது.

வால்வு உச்சியில் நிற்கும்படி சக்கரத்தைத் திருப்பி, வால்வு மட்டம் வரை நிரப்பினால் டயரின் முக்கால் பங்கு தண்ணீர். என்னுடைய 12.4-28 அளவு டயருக்கு அது ஏறத்தாழ 150 லிட்டர். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 300 கிலோ. காய்ந்த நிலத்தில் இது வரம். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்து, வயலில் நீர் கட்டிச் சேற்றுழவு தொடங்கிவிட்டால் அதே எடைதான் வண்டியைப் புதைக்கிறது. அரைக் கேஜ் வீலை, அதாவது சேற்றில் பிடிப்புக்கான இரும்புக் கூண்டுச் சக்கரத்தை, டயரோடு சேர்த்து மாட்டி ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பழைய டயருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றுக்கு மிஞ்சுவது கால் பங்கு இடம்தான் என்பதால் டயர் விறைத்துக்கொள்கிறது. பள்ளத்தில் இறங்கும் அடியைக் காற்று வாங்கிக்கொள்ள முடியாமல், வெடிப்பு விட்ட பக்கச் சுவர் வாங்கிக்கொள்கிறது. டிரெய்லரோடு சாலையில் போனால் ஓட்டுபவரின் இடுப்புக்கும் அதில் பங்கு.

இறக்கும் வேலை ஒரு காலைப் பொழுதில் முடியும். ஆனால் நிதானம் வேண்டும். சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை வைத்துப் பின் அச்சைத் தூக்க வேண்டும். தூக்கிய அச்சுக்கு ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான முட்டு கொடுக்க வேண்டும். முதலில் வால்வை மேலே வைத்துக் காற்றை விட வேண்டும். அழுத்தம் இருக்கும்போதே வால்வுக்குள் இருக்கும் சிறு ஊசியான பின்னைக் கழற்றினால் அது துப்பாக்கிக் குண்டாகப் பாயும். காற்று அடங்கிய பிறகு பின்னை எடுத்துவிட்டு, வால்வைக் கீழே திருப்பினால் தண்ணீர் கொட்டத் தொடங்கும். சிறிது நேரத்தில் டியூபுக்குள் காற்றில்லாமல் ஒழுக்கு தடுமாறும். அப்போது வால்வை மேலே கொண்டுபோய்க் காற்றடித்துவிட்டு மறுபடியும் இறக்க வேண்டும்.

பலர் இத்தோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். முடியவில்லை. வால்வு இருப்பது ரிம் ஓரத்தில். ரிம்முக்கும் தரைப்பக்க ரப்பருக்கும் நடுவே உள்ள தண்ணீர் அப்படியே தேங்கி நிற்கும். வால்வுத் துளை வழியாக மெல்லிய பிளாஸ்டிக் குழாயை டியூபின் அடிவரை செருகி, கூடவே காற்றும் அடிக்க வசதியுள்ள இணைப்பு பஞ்சர் கடைகள் சிலவற்றில் இருக்கிறது. அதை வைத்துத்தான் மிச்சத்தை வெளியே தள்ள வேண்டும். கடைசியில் வந்தது கறுத்த நீர். கெட்ட ரப்பர் வாடை. பிறகு டியூபைக் கழற்றிப் பார்த்தபோது வால்வுத் துளையைச் சுற்றி ரிம்மில் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. வால்வின் அடியில் கண்ணுக்குத் தெரியாத கசிவு இருந்திருக்கிறது. கம்பித் தூரிகையால் சுரண்டி, பிரைமர் பூசி, புது டியூபும், ரிம்முக்கும் டியூபுக்கும் நடுவே வரும் ரப்பர் பட்டையான பிளாப்பும் போட்டேன். அதற்குப் பிறகு தொந்தரவில்லை.

தண்ணீரோடு சக்கரத்தையே கழற்ற யாரும் துணிய வேண்டாம். 150 கிலோ தண்ணீர் உள்ளே ஆடும் சக்கரம் சாய்ந்தால் இரண்டு ஆள் பிடித்தாலும் நிற்காது.

இறக்கிய தண்ணீர் வெறும் தண்ணீரா என்றும் பார்க்க வேண்டும். உறைபனி விழும் நாடுகளில் டயருக்குள் தண்ணீர் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கரைப்பார்கள்; எடையும் கூடும். நமக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் கை மாறி வந்த வண்டி என்றால் கொஞ்சம் தரையில் ஊற்றி வெயிலில் விட்டுப் பாருங்கள். காயாமல் பிசுபிசுவென்று ஈரமாகவே நின்றால் உப்புக் கரைசல்தான். அதை வயலிலோ மரத்தடியிலோ விடாதீர்கள். பயிர் கருகும், ரிம்மையும் அரிக்கும்.

இனி பலன். சேற்றில் வண்டி முன்பைவிட லேசாக ஏறி இறங்குகிறது. வரப்போரத்தில் திரும்பும்போது வெட்டும் பள்ளம் குறைந்துவிட்டது. சாலையில் குலுக்கல் தணிந்தது. டீசல் மிச்சம் என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். கோடை உழவில்தான் இழப்பு, அதை மறைக்க முடியாது. டயரில் சுண்ணாம்புக் குறி இட்டு, கலப்பையைத் தூக்கிப் பத்துச் சுற்று ஓட்டினால் வண்டி 38 மீட்டர் போனது. கலப்பையை இறக்கி அதே பத்துச் சுற்றில் 30 மீட்டர்தான். வழுக்கல் 20 சதவீதத்துக்கு மேல். 10 முதல் 15 வரை இருப்பதே நல்லது. சக்கரத்தில் இரும்பு எடைத் தட்டுகளை மாட்டிய பிறகு 33 மீட்டர் வந்தது. சேற்றுழவுக்கு முன் தட்டுகளைக் கழற்றிவிடுகிறேன். தண்ணீரை அப்படி நினைத்தபோது ஏற்றி இறக்க முடியாது.

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் பின்சக்கர வால்வைக் கீழே திருப்பிப் பின்னை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் வந்தால் ரிம்மின் உட்புறத்தையும் பார்த்துவிட்டே முன்பணம் கொடுங்கள்.