மரத்துக்கு இஸ்திரிப் பெட்டி: தள்ளுகட்டையோடு ஆறு வருடம்

மேசை நடுவே பிளேடு சுழலும் ரம்பமான டேபிள் சாவை வாங்கியபோது, மரத்தைத் தள்ளக் கூடவே வந்த தள்ளுகுச்சியை நான் தொலைத்துவிட்டேன். தொலைத்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. நுனியில் குருவி வாய் போலப் பிளந்திருந்த அந்த பிளாஸ்டிக் குச்சியை மூன்றாம் மாதமே பிளேடு தின்றுவிட்டது. மிச்சத்தை வைத்துப் பசை கலக்கிக்கொண்டிருந்தேன்.

காரைக்குடியில் படச்சட்டம் செய்வது என் தொழில். இடித்த வீடுகளின் பர்மாத் தேக்கு முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் கிடைக்கும். வாங்கி வந்து, காந்தத்தால் தடவி ஆணிகளைத் தேடிப் பிடுங்கி, முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் என்று ஒடுக்கமான ரீப்பர் சட்டங்களாக அறுப்பேன். ஆகவே நாளில் பாதி நேரம் என் விரலுக்கும் பிளேடுக்கும் நடுவே இருப்பது ஒரு அங்குல மரம். இரண்டடி அகலப் பலகை மட்டும் அறுப்பவர்களுக்கு இந்த அனுபவம் அவ்வளவாகப் பயன்படாது.

2019 ஏப்ரலில் ஒரு நாள், நான்கடி ரீப்பரின் கடைசி அரையடியைத் தள்ளுகுச்சியால் தள்ளிக்கொண்டிருந்தேன். சில பழைய துண்டுகள் அறுக்க அறுக்கவே வாயை மூடிக்கொள்ளும். அன்றைய துண்டும் அப்படித்தான். வெட்டிய வாய் மூடிப் பிளேடை நெரிக்காமல் பிரித்து வைக்க, பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய பிளவுத் தகட்டை, இடைஞ்சல் என்று நானே கழற்றி வைத்திருந்தேன். சத்தம் கேட்பதற்கு முன்பே ரீப்பர் இடுப்பில் அடித்து, பின்னாலிருந்த தகரக் கதவில் மோதிக் கிடந்தது. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பில் இருபது நாள் கருநீலத் தழும்பு. சட்டைப் பையில் இருந்த சாவிக்கொத்து வளைந்திருந்தது.

அதுவரை தள்ளுகுச்சி என்றால் கையைத் தூரத்தில் வைக்கும் கருவி என்றுதான் நினைத்திருந்தேன். பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன, மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி ஏறுகின்றன. மரம் அங்கே உரசினால் தூக்கிக்கொண்டு நம்மை நோக்கி எத்தும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்தில் எத்தும் மரத்தை ஒற்றைப் புள்ளியில் தொட்டு நிற்கும் குச்சி எப்படி அடக்கும்? குச்சி தள்ளும், அவ்வளவுதான். அழுத்தாது, பக்கவாட்டில் மரம் ஒட்டி ஓடும் தடுப்பான கைடோடு அணைத்துப் பிடிக்கவும் செய்யாது.

மறுவாரமே மூன்று கால் வைத்த இறக்குமதித் தள்ளுகட்டை ஒன்றை 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். அமெரிக்காவின் மைக்ரோஜிக் நிறுவனத்தின் கிர்-ரிப்பர் பிரபலமாக்கிய வடிவம் அது. என்னிடம் வந்தது அதைப் பார்த்துச் செய்த வேறொன்று. கால்களுக்கு நடுவே குகை போன்ற இடைவெளி, அதன் வழியே பிளேடு போகும். கைடுக்கும் பிளேடுக்கும் நடுவே ஓடும் ரீப்பரை ஒரு கால் அழுத்தும், வெட்டுப்பட்டு ஒதுங்கும் துண்டை இன்னொரு கால் அழுத்தும். அடியில் ரப்பர். கீழே, முன்னே, கைடு பக்கம் என மூன்று திசைக்கும் ஒரே கையால் விசை கொடுக்கலாம். மெல்லிய காலின் அகலமே கால் அங்குலம்தான் என்பதால் கால் அங்குல ரீப்பரைக்கூட நடுங்காமல் அறுத்தேன். வெட்டிய முகத்தில் பிளேடு சுட்ட கருப்புக் கோடுகள் குறைந்துபோயின. இழைப்புளி வேலையும் குறைந்தது. இதை எந்த விளம்பரமும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

பட்டறையில் எனக்கு மூத்த ஆசாரி ஒருவர் இருக்கிறார். முதல் நாள் அதைப் பார்த்ததும், "என்ன தம்பி, மரத்துக்கு இஸ்திரி போடுகிறீர்களா?" என்றார். அன்றிலிருந்து எங்களிடம் அதற்கு இஸ்திரிப் பெட்டி என்றே பெயர்.

முதல் வருடம் குறையே தெரியவில்லை. இரண்டாம் வருடம் கோடையில் அடி ரப்பரின் ஓரம் உரியத் தொடங்கியது. அதைவிடத் தொல்லை மரத்தூள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. அதன் தூள் ரப்பரில் மாவு போல அப்பிக்கொண்டால் பிடி போய்விடும், கட்டை மட்டும் வழுக்கி முன்னே போகும், மரம் நின்ற இடத்தில் நிற்கும். இப்போது ஈரத்துணியால் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை துடைக்கிறோம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இந்தக் கட்டை பிளேடுக்கு மேலே ஏறிப் போவதால் மேல்மூடியைக் கழற்றாமல் வேலை நடக்காது. பிளவுத் தகட்டை மட்டும் இப்போது கழற்றுவதே இல்லை.

ஆனால் உண்மையான குறை கட்டையில் இல்லை, அதன் விலையில் இருக்கிறது. கால்களின் அகலத்தை மாற்றிவிட்டு ஒரு நாள் சரிபார்க்க மறந்தேன். பிளேடு காலில் ஏறப் போகிறது என்று தெரிந்த நொடியில் என் வலது கை கட்டையைத் தூக்கியது. நான்காயிரம் ரூபாயைக் காப்பாற்றத்தான். பாதி அறுத்த ரீப்பர் ஓடும் பிளேடுக்குப் பக்கத்தில் பிடிப்பார் இல்லாமல் துடித்தது. உதவியாளர் சுவிட்சை அணைத்தார். அன்று மாலையே 18 மி.மீ. பிளைவுட் துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இன்று என் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது அந்தச் சொந்தத் தயாரிப்புதான். இரண்டு பிளைவுட்டை ஒட்டினால் 36 மி.மீ. கனம், ஓரடி நீளம், கைப்பிடியோடு ஆறு அங்குல உயரம். பின்னால் ஒரு குதிகால் இறங்கியிருக்கும், அதுதான் மரத்தின் முதுகைத் தள்ளுவது. குதிகால் மரத்தின் கனத்தைவிடக் குறைவாக இறங்க வேண்டும். கூடினால் அது மேசையில் ஊன்றிக்கொள்ளும், கட்டையின் அடி மரத்தில் படாமல் அந்தரத்தில் நிற்கும். முதலில் செய்ததில் கைப்பிடியைப் பின் ஓரத்தில் வைத்துவிட்டேன். தள்ளத் தள்ள விசை முழுதும் குதிகாலில் விழுந்து மரத்தின் முன்பக்கம் தூக்கியது. அடுத்ததில் பிடியை நடுவுக்கு நகர்த்திய பிறகு சரியாயிற்று. பிளேடு இந்தக் கட்டையின் அடியிலேயே காடி, அதாவது நீளப் பள்ளம், போட்டுக்கொண்டு ஓடும், ரீப்பரும் ஒதுங்கும் துண்டும் இரண்டும் அதன் அடியில் அமுங்கியிருக்கும். வெட்டுப்படுவதற்காகவே பிறந்த கட்டை என்பதால் கை தூக்கத் தோன்றாது. அந்தக் காரணத்துக்காகவே கீழ்ப்பாதியில் ஆணியோ திருகோ வைக்கவில்லை. பசையும் மூங்கில் முளையும்தான்.

அடியில் ஒட்ட எதையெல்லாமோ முயன்றேன். சைக்கிள் டியூப் சீக்கிரம் வழவழத்துப்போனது. உப்புத்தாள் பிடித்தது, ஆனால் மரத்தில் கீறல் விட்டது. தேய்ந்த ஹவாய் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி, செருப்பு ஒட்டும் பசையால் ஒட்டியதுதான் நின்றது. ஒரு ஜோடியில் ஏழெட்டுக் கட்டைக்கு ஆகும். காடிகள் பெருகி அடி சொரசொரத்துப்போனால் அடுத்த கட்டை. இரண்டு மாதத்துக்கு ஒன்று போகிறது.

தள்ளுகுச்சியை நான் ஒழித்துவிடவில்லை. பிரிட்டனின் தொழிற்பாதுகாப்புத் துறை 300 மி.மீ.க்குக் குறைவான வெட்டுகளுக்கும், நீளமான வெட்டின் கடைசி 300 மி.மீ.க்கும் தள்ளுகுச்சி வேண்டும் என்கிறது. என் இடது கையில் இன்னும் ஒரு குச்சி இருக்கிறது. பிளேடுக்கு முன்னால் மட்டும் மரத்தைக் கைடோடு அணைக்க அது போதும். பிளேடைத் தாண்டி இடப்பக்கத்திலிருந்து அழுத்தினால் நானே பிளேடை நெரிப்பதாக ஆகிவிடும். கையுறை போடுவதில்லை, நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

இதற்கெல்லாம் பதில் விரல் பட்டதும் தானே நிற்கும் மெஷின் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. 1999இல் ஸ்டீவ் காஸ் கண்டுபிடித்த சாஸ்டாப் முறை பிளேடைச் சில மில்லிநொடிகளில் நிறுத்திவிடும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் என்னை அடித்தது பிளேடு அல்ல, ரீப்பர். அதை அந்த பிரேக் தடுத்திருக்காது.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன் இடது கைக்காரன். எங்கள் மேசையில் கைடு வலப்பக்கம். இடது கையால் கட்டையைப் பிடித்தால் உடம்பு தானாகவே ரீப்பரின் நேர்ப் பாதைக்கு வந்துவிடுகிறது. வலது கையால் பிடி என்றால், "மணிக்கட்டில் பலம் நிற்கவில்லை அண்ணா" என்கிறான். அவன் வலது கையைச் செய்தித்தாளில் வைத்து வரைந்து, கொஞ்சம் தடித்த பிடி ஒன்றுக்கு அளவு எடுத்திருக்கிறேன். அது முடியும் வரை அவனுக்குக் காந்த வேலை மட்டும்தான்.