பாட்டில் டெரியாக்கி கிளேஸ்: கடைசி இரண்டு நிமிடத்தில் சேர்க்க வேண்டிய சாஸ்

டெரியாக்கி என்பது சோயா சாஸும் சர்க்கரையும் சேர்ந்த ஜப்பானிய சாஸ். இந்த ஒரே பெயரில் இரண்டு வகை பாட்டில்கள் வருகின்றன. ஒன்று தண்ணீராக ஓடும், கறியை ஊறவைப்பதற்கானது. மற்றது சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) அல்லது சாந்தன் கம் என்ற கெட்டிப்படுத்தும் பொருள் சேர்த்துத் தேன் பதத்துக்குக் கெட்டியாக்கிய கிளேஸ். இந்தக் கிளேஸில் ஊறவைத்துவிட்டுச் சுவை உள்ளே இறங்கவில்லை என்று குறைசொல்வதில் நியாயமில்லை. அது மேலே பூசுவதற்கான சாஸ். வெந்த கறியில் சேர்த்தால் அருமை, பச்சைக் கறியில் ஊற்றினால் வீண்: உள்ளே வேகும் முன்பே சர்க்கரை கருகிக் கசந்துவிடும்.

எலும்பில்லாத, தோலுள்ள கோழித் தொடை 500 கிராமுக்கு 4 மேசைக்கரண்டி போதும். உப்பு வேண்டாம், சாஸில் இருப்பதே தாராளம். கறியின் ஈரத்தை நன்றாக ஒற்றியெடுத்துவிட்டு, சோள மாவை மிக லேசாகத் தூவுங்கள். கிளேஸ் வழுக்காமல் ஒட்டுவது இதனால்தான். தோல் பக்கம் கீழே இருக்க, மிதமான தீயில் 7 முதல் 8 நிமிடம். திருப்பிப் போட்டு இன்னும் 4 நிமிடம். உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். பானில் சேர்ந்த கொழுப்பை வடித்துவிடுங்கள். பலரும் விட்டுவிடுகிற வேலை இது. கொழுப்பு தேங்கியிருந்தால் சாஸ் கறியில் பிடிக்காமல் திட்டுத்திட்டாகப் பிரிந்து நிற்கும்.

பிறகு தீயைக் குறைத்து, கிளேஸை 2 மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். தண்ணீர் சேர்த்தால் கலப்படம் என்று நினைக்க வேண்டாம். கருகாமல் எல்லாப் பக்கமும் பரவ அந்த அவகாசம் தேவை. கறியைப் புரட்டிக்கொண்டே இருங்கள். சிறு குமிழிகள் பெரிதாகி, மெதுவாக உடையத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். மீதியைப் பானின் சூடே பார்த்துக்கொள்ளும். அதற்கு மேலும் கொதித்தால் பளபளப்பு போய்ப் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

ஓவனில் வைப்பதானால் 200 டிகிரி செல்சியஸ். கடைசி 8 நிமிடத்தில் பிரஷ்ஷால் இரண்டு முறை பூசினால் போதும். இந்தச் சாஸ் தன் முழுத் திறமையைக் காட்டுவது இங்கேதான்: தண்ணீர்ச் சாஸ் தட்டில் வழிந்து கருகும்போது, இது கறியின் மேலேயே நிற்கிறது. தேவையான அளவைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். கறியைத் தொட்ட பிரஷ் பாட்டிலுக்குள் போகவே கூடாது. சால்மன் மீனுக்கும் இதே முறைதான், நேரம்தான் குறைவு. டோஃபுவை (சோயா பனீர்) மட்டும் 20 நிமிடம் பாரம் வைத்து நீரை வடித்தெடுங்கள்.

குறை என்றால் இனிப்பு. வாங்கும்போது லேபிளில் முதலில் இருப்பது சோயா சாஸா, சர்க்கரைப் பாகா என்று பாருங்கள். சர்க்கரை முதலில் வரும் பாட்டில் திகட்டும், சீக்கிரமும் கருகும். அப்படி ஒன்று கைக்கு வந்துவிட்டால் 4 மேசைக்கரண்டிக்கு 1 தேக்கரண்டி அரிசி வினிகரும் அதே அளவு இஞ்சிச் சாறும் கலந்தால் சரியாகிவிடும். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. குளூட்டன் ஆகாதவர்கள் கவனிக்க வேண்டும்.

பானில் மட்டுமே சமைப்பவர்களுக்கு இந்தப் பாட்டிலே தேவையில்லை என்பது என் கருத்து. சோயா சாஸ், மிரின் (இனிப்பான அரிசி மது), சாகே (ஜப்பானிய அரிசி மது) தலா 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி. இதை அதே பானில் பாதியாகச் சுண்டவிட்டால் மாவே இல்லாமல் மினுக்கம் வரும், சோயாவின் மணமும் தூக்கலாக இருக்கும். ஓவனும் கிரில்லும் அடிக்கடி பயன்படுத்துபவர்கள் கிளேஸை வாங்கலாம். திறந்தபின் ஃபிரிட்ஜில் வையுங்கள்.