புட் ஆஃபா, போஸ்ட்போனா?

ஒரு கூட்டத்தைத் தள்ளிவைக்க ஆங்கிலத்தில் இரண்டு வழி உண்டு. 'போஸ்ட்போன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். 'புட்' என்ற சாதாரண வினைக்குப் பின்னால் 'ஆஃப்' என்ற குட்டிச் சொல்லைச் சேர்த்து 'புட் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆங்கிலத்தைப் புத்தகத்தில் கற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை எடுப்பார்கள். அந்த மொழியிலேயே வளர்ந்தவர்களின் பேச்சில் இரண்டாவது வகைதான் கொட்டிக் கிடக்கும்: கெட் அப், ஃபைண்ட் அவுட், கிவ் அப், லுக் ஆஃப்டர். இலக்கணக்காரர்கள் இவற்றுக்கு வைத்த பெயர் ஃபிரேசல் வெர்ப். இங்கே சுருக்கமாக ஜோடி வினை என்று வைத்துக்கொள்வோம்.

ஒரே வேலைக்கு இரண்டு சொற்கள் வந்ததற்கு வரலாறு ஒரு காரணம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின், அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஏறியது. தேவாலயத்திலும் கல்வியிலும் லத்தீன் ஏற்கெனவே இருந்தது. வீட்டிலும் வயலிலும் பழைய ஆங்கிலச் சொற்களே புழங்கின. அதனால் லத்தீன் வழி வந்த ஒற்றைச் சொற்களில் இன்றைக்கும் கொஞ்சம் அலுவலக வாடை அடிக்கும். தீயணைப்பு அறிக்கையில் 'எக்ஸ்டிங்க்விஷ்' சரியாகப் பொருந்தும். வீட்டில் மெழுகுவத்தியை அணைக்கச் சொல்லும்போது அதே சொல்லைப் போட்டால் ஒலிபெருக்கி அறிவிப்பு மாதிரி கேட்கும். அங்கே 'புட் அவுட்' போதும்.

இதை வைத்துக்கொண்டு 'ஜோடி வினை பேச்சுக்கு, ஒற்றைச் சொல் எழுத்துக்கு' என்று பாடம் நடத்துகிறார்கள். பாதிதான் சரி. 'கேரி அவுட்' ஆய்வறிக்கைகளில் தாராளமாக வரும். 'செட் அவுட்' சட்ட ஆவணங்களில் உண்டு. குழு அமைப்பதை 'செட் அப்' என்று அரசு அறிக்கையே எழுதும். மறுபக்கம் 'கேன்சல்', 'டிசைட்' எல்லாம் லத்தீன் வழி வந்தவைதான், ஆனால் குழந்தையும் சொல்லும். ஆக, எந்தச் சொல் எந்த இடத்தில் புழங்குகிறது என்பதைச் சொல்வாரியாகத்தான் பழக வேண்டும். மொத்தமாக ஒரு விதி போட்டுவிட முடியாது.

பொருளிலும் இரண்டும் அச்சு அசல் ஒன்றல்ல. வேலைக்கு அழைப்பு வந்து நீங்கள் வேண்டாம் என்றால் 'டர்ன் டவுன்' இயல்பாக இருக்கும். 'ரிஜெக்ட்' என்றால் முகத்தில் அடித்த மாதிரி ஒரு கடுமை சேர்ந்துவிடும். அதே 'டர்ன் டவுன்' ஒலியைக் குறைக்கவும் வரும். 'ரிஜெக்ட்'டுக்கு அந்த வேலை கிடையாது. 'புட் ஆஃப்' கதையும் இதுதான்: தள்ளிவைப்பதும் அதுவே, ஒரு நாற்றம் நம் ஆசையைக் கெடுத்துவிடுவதும் அதுவே. 'போஸ்ட்போன்' தள்ளிவைப்பதோடு நின்றுவிடும். இன்னொரு வசதி, அதைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைக்கலாம்: 'த போஸ்ட்போண்ட் மீட்டிங்' சரி, 'த புட் ஆஃப் மீட்டிங்' எடுபடாது.

படிக்கிறவர் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர் என்றால் மின்னஞ்சலில் ஒற்றைச் சொல்லே பத்திரம் என்பது என் கட்சி. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிவைத்தாயிற்று, 'கால் ஆஃப்' என்றால் ரத்து. அவசரத்தில் படிக்கிறவர் இரண்டையும் குழப்பிக்கொண்டால் கூட்டத்துக்கு ஆள் வராது. நேரில் பேசும்போது நிலைமை தலைகீழ். மாடிப்படி ஏறியதை 'ஐ அசெண்டட் த ஸ்டெயர்ஸ்' என்றால் இலக்கணம் சுத்தம்தான், கேட்கிறவர் மட்டும் சிரிப்பார்.

ஜோடி வினையின் உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. இந்த இரண்டைப் பாருங்கள்: 'ரேன் அப் எ ஹில்', 'ரேன் அப் எ பில்'. முதலாவது மலைமேல் ஓடியது, இரண்டாவது பாக்கியை ஏற்றிவிட்டது. முதலாவதில் 'அப்' மலையோடு ஒட்டியிருக்கும் முன்னிடைச்சொல். இரண்டாவதில் அது வினையோடு ஒட்டியிருக்கும் வினையடை. எப்படிக் கண்டுபிடிப்பது? பெயருக்குப் பதில் 'இட்' போட்டுப் பாருங்கள். பாக்கியை 'ரேன் இட் அப்' என்று நடுவில் செருகலாம், மலைக்கு அது முடியாது. 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் 'இட்' வந்துவிட்டால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டும்தான், 'டர்ன் ஆஃப் இட்' தவறு. 'லுக் ஆஃப்டர் ஹிம்' எந்த நிலையிலும் பிரியாது. 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்வது) மாதிரி மூன்று சொல் கூட்டணிகளும் பெரும்பாலும் பிரியாது. காதும் உதவும்: 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் அழுத்தம் 'ஆஃப்' மேல் விழும், 'லுக் அட் இட்' என்பதில் 'லுக்' மேல். ஒற்றைச் சொல்லில் இந்தத் தொல்லை எதுவுமே இல்லை. அதன் பெரிய பலம் இதுதான்.

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, அயல்மொழிக்காரர்களுக்கு மிகப் பெரிய சிரமம் தருவது இந்தச் சேர்க்கைதான் என்று எழுதிவிட்டார்.

சரி, எப்படிக் கற்பது? இங்கேயும் இரண்டு கட்சி. வினைவாரியாக, 'கெட்' போட்டு முப்பது, 'டேக்' போட்டு முப்பது என்று மனப்பாடம் செய்வது ஒன்று. குட்டிச் சொல்வாரியாகப் பிடிப்பது இன்னொன்று. முதலாவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. 'டேக் ஆஃப்', 'டேக் ஓவர்', 'டேக் இன்' மூன்றுக்கும் நடுவில் 'டேக்' பெரிதாக எதுவும் சொல்வதில்லை. பொருளின் கனம் பல நேரம் பின்னால் வருவதில் இருக்கிறது. தமிழ்ப் பேச்சுக்கு இது தெரிந்திருக்கிறது: 'டர்ன்', 'ஸ்விட்ச்' எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு 'ஆஃப் பண்ணு' என்று குட்டிச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டோம். (அதையே ஆங்கிலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய் 'ஆஃப் த லைட்' என்றால்தான் வம்பு.)

குட்டிச் சொல் வழியே போனால் நம் துணைவினைகள் கைகொடுக்கும். 'டேர்' என்றால் காகிதத்தைக் கிழிப்பது, ஓரத்தில் லேசாகக் கிழிந்தாலும் போதும். 'டேர் அப்' என்றால் கிழித்துப்போடுவது, துண்டு துண்டாக. 'ஈட் அப்' தின்று தீர்ப்பது, 'யூஸ் அப்' பயன்படுத்தித் தீர்ப்பது. 'அப்' இந்த இடங்களில் திசையைக் காட்டவில்லை, செயல் முழுதாக முடிந்ததைக் காட்டுகிறது. நம் 'போடு', 'தீர்' செய்யும் வேலைதான். இந்த வழியும் எல்லா இடத்துக்கும் செல்லாது. வீடு எரிந்தால் 'பர்ன் டவுன்', காகிதம் எரிந்தால் 'பர்ன் அப்', இரண்டிலும் மிஞ்சுவது சாம்பல்தான். படிவத்தை நிரப்புவது பிரிட்டனில் பெரும்பாலும் 'ஃபில் இன்', அமெரிக்காவில் 'ஃபில் அவுட்'. இவற்றைத் தனித்தனியாகத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டு வகையையும் கலந்து கெடுப்பது தனிக்கலை. ஒற்றைச் சொல் தன்னிறைவானது என்பதை மறந்து 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிட்டர்ன் பேக்' என்று வால் ஒட்டுகிறோம். 'டாக் அபவுட்', 'கம் பேக்' என்று பழகிய வாய் அது. 'கோப் அப் வித்' இன்னும் வேடிக்கை: சமாளிப்பதற்கு 'கோப் வித்' மட்டும்தான் சரி, 'புட் அப் வித்', 'கீப் அப் வித்' இரண்டின் பழக்கத்தில் 'அப்' நடுவில் ஏறிக்கொள்கிறது. எழுத்தில் கவனிக்க வேண்டியது 'லாக் இன்': வினையாக வந்தால் இடைவெளி விட்டு இரண்டு சொல், பெயராக வந்தால் சேர்த்து ஒரே சொல். இறந்த காலம் 'லாக்ட் இன்'. 'லாகின்ட்' என்று ஒன்று கிடையாது.