போனில் ஆடினால் கேமர் இல்லையா?

என் அத்தை கேண்டி கிரஷ்ஷில் 4,000 லெவலைத் தாண்டிவிட்டார். அவரை யாரும் கேமர் என்று சொல்வதில்லை. நான் தள்ளுபடியில் வாங்கிக் குவித்த பிசி கேம்களில் பாதியை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனாலும் நான் கேமர். இந்தப் பட்டத்தை யார், எந்த அளவுகோலில் கொடுக்கிறார்கள் என்று யோசித்தபோதுதான் போன் ஒரு பக்கம், பிசியும் கன்சோலும் (டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி) இன்னொரு பக்கம் என இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றியது.

பிசி, கன்சோல் ஆட்களிடம் மொபைல் கேம் என்று வாயெடுத்தால் இரண்டு குற்றச்சாட்டு ஒரே மூச்சில் வரும். தொடுதிரையில் உருப்படியாக ஆட முடியாது என்பது ஒன்று. அது கேமே அல்ல, கேம் வேஷம் போட்ட கல்லாப்பெட்டி என்பது இன்னொன்று. முன்னது கருவியைப் பற்றியது, பின்னது வியாபாரத்தைப் பற்றியது. இரண்டையும் சேர்த்துக் குழைத்துவிடுவதால்தான் இந்தச் சண்டை தீருவதே இல்லை.

முதலில் கருவி. இரண்டு கையிலும் பிடித்து ஆடும் கண்ட்ரோலரில் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு குச்சி இருக்கிறது. அது நடுவில் இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று பார்க்காமலே தெரியும். பட்டன் அழுந்தினால் விரல் உணரும். கண்ணாடியில் இது எதுவும் கிடையாது. வரைந்து வைத்த பட்டனைவிட்டு விரல் நழுவியது நாயகன் செத்த பிறகுதான் தெரியவரும். போதாக்குறைக்கு இரண்டு கட்டைவிரலும் திரையில் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டு நிற்கும். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும் சண்டை கேம்களில் சில ஃபிரேம் பிசகினாலே அடி விழும். அங்கே போன் தோற்றுத்தான் போகிறது. கனமான கேமை விடாமல் ஆடினால் போன் சூடாகி, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது தனிக் கொடுமை. பெரிய கன்சோல் கேமான ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் 2023இல் ஐபோன் 15 புரோவுக்கு வந்தபோது, சிப்பின் திறமை பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் கண்ட்ரோலர் இல்லாமல் அந்த மாதிரி கேமை ஆடுவது கையுறை போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது போலத்தான்.

அப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடவும் முடியவில்லை. பப்ஜி மொபைலை நான்கு விரலால் நண்டுப்பிடி போட்டு ஆடுபவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? சுட்டுவிரல் இரண்டும் திரையின் மேல்பக்கம், கட்டைவிரல் இரண்டும் கீழ்ப்பக்கம். ஓடிக்கொண்டே திரும்பி, குறிபார்த்து, சுட்டுவிடுகிறார்கள். மவுஸில் பல வருடம் பழகிய நான் அவர்கள் முன்னால் மூன்று நிமிடம் தாங்கவில்லை. மேடை கோணல் என்று சொல்ல நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

தொடுதிரைக்கென்றே யோசித்துச் செய்த கேம்களில் அதன் குறை கண்ணில் படுவதும் இல்லை. 2016இல் வந்த சூப்பர் மரியோ ரன்னில் மரியோ தானாக ஓடுவார், தட்டினால் குதிப்பார், அவ்வளவுதான். மான்யுமென்ட் வேலியில் கோபுரத்தை விரலால் பிடித்துத் திருப்பும் சுகம் மவுஸில் வராது. ஸ்லே தி ஸ்பையர், பலாட்ரோ போன்ற சீட்டு வகைக் கேம்களுக்குக் கைவேகமே வேண்டாம். அவற்றை எதில் ஆடினாலும் மண்டை ஒரே அளவுதான் காயும். ஆகக் கருவி பற்றிய புகாரில் பாதி உண்மை, பாதி பந்தா.

வியாபாரத்துக்கு வருவோம். 2018 நவம்பரில் பிளிஸ்கான், அதாவது பிளிஸ்ஸார்ட் என்ற கேம் நிறுவனம் தன் ரசிகர்களுக்கு நடத்தும் விழா. டயாப்லோ தொடரின் அடுத்த பெரிய பாகத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த கூட்டத்திடம், டயாப்லோ இம்மார்ட்டல் போனுக்கு வருகிறது என்று பிளிஸ்ஸார்ட் அறிவித்தது. ஒரு ரசிகர் மைக்கைப் பிடித்து, இது பருவம் தப்பி வந்த ஏப்ரல் ஃபூல் ஜோக்கா என்று கேட்டார். பிசிக்குத் திட்டம் இல்லை என்றதும் கூச்சல். மேடையில் இருந்தவர், உங்களிடம் போன் இல்லையா என்று திருப்பிக் கேட்க, அது இன்றுவரை கேலிப்பொருள். 2022 ஜூனில் கேம் வந்தது. பிசிக்கும் சேர்த்தே வந்தது! ஓட்டமும் சண்டையும் போனிலேயே நன்றாகத்தான் இருந்தன. வசவு வேறு இடத்திலிருந்து கிளம்பியது: நாயகனின் பலத்தை ஏற்றும் லெஜண்டரி ரத்தினங்கள், காசு போட்டு ஆடும் குலுக்கலுக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருந்தன. லூட் பாக்ஸ் (உள்ளே என்ன என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி) பற்றிய சட்டங்களால் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அந்த கேம் வெளியாகவே இல்லை. மேடைக்கு எதிரே கூச்சல் போட்டவர்கள் போனைத் திட்டினார்கள். கடைசியில் பிசி முன்னால் உட்கார்ந்தவருக்கும் அதே கல்லாப்பெட்டிதான் காத்திருந்தது.

பெரிய கேம்கள் மட்டும் யோக்கியமா என்ன? குதிரைக்கு மாட்டும் கவசத்தை 2006இலேயே ஆப்லிவியன் தனியாகக் காசுக்கு விற்றது. 2017இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2, முழு விலையும் வாங்கிக்கொண்டு, பலத்தையும் லூட் பாக்ஸில் விற்கப் பார்த்தது. ஆனால் இங்கே ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பேட்டில்ஃப்ரன்ட் ஆட்கள் போட்ட சத்தத்தில், முறையாக வெளியாவதற்குச் சில மணி நேரம் முன்பே அந்தக் காசு வசூல் நிறுத்தப்பட்டது. மொபைலில் அப்படி நடப்பது அபூர்வம். பிடிக்காதவர் சத்தம் போடாமல் கேமை நீக்கிவிட்டுப் போய்விடுகிறார். அள்ளிக் கொடுக்கும் சிலர் மட்டும் மிஞ்சுகிறார்கள். தொழிலில் அவர்களுக்குத் திமிங்கிலம் என்றே பெயர். தீவிர கேமர்களின் முணுமுணுப்பால் கிடைக்கும் லாபம் இதுதான். கோபப்படத் தெரிந்த கூட்டம் இருக்கும் இடத்தில் கடைக்காரர் கொஞ்சம் பயப்படுகிறார்.

2020இல் வந்த கென்ஷின் இம்பேக்ட், போனுக்கும் பிசிக்கும் நடுவிலிருந்த எல்லைக்கோட்டையே அழித்துவிட்டது. பிசி, பிளேஸ்டேஷன், போன் மூன்றிலும் ஒரே உலகம், ஒரே குலுக்கல். காசு போட்டுக் குலுக்கலை 90 தடவை இழுத்தால் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒன்று உறுதி. ஆனால் அது நீங்கள் ஆசைப்பட்டதாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. அழகான கேம், மறுக்கவில்லை. ஆனால் இதை மொபைல் கேம் என்று திட்டுவதா, பிசி கேம் என்று பாராட்டுவதா?

இந்தக் கல்லாப்பெட்டியை ஊட்டி வளர்த்ததில் ஆடுபவர்களுக்கும் பங்குண்டு. 2014இல் த்ரீஸ் என்ற எண் புதிர் காசுக்கு வந்தது. செய்து முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் பிடித்த கேம். சில வாரங்களிலேயே, ஒரு வார இறுதியில் எழுதிய 2048 இலவசமாக வந்தது. உலகம் எதை ஆடியது என்று உங்களுக்கே தெரியும். அதே வருடம் மான்யுமென்ட் வேலி புது அத்தியாயங்களுக்குச் சின்ன விலை வைத்ததும் ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகள் வந்து விழுந்தன. நேர்மையாக விலை சொன்னவரை விரட்டிவிட்டு, இலவசம் என்று அழைத்தவர் பையில் கைவிடுகிறார் என்று புலம்புகிறோம்.

நிலைத்து நிற்பதில் போன் பக்கம் மோசம். 2017இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வந்ததும், 32 பிட் எனப்படும் பழைய முறையில் எழுதிய கேம்கள் மொத்தமாகத் திறக்காமல் போயின. பழைய பிசி கேம்களை எப்படியாவது கிளப்பி ஓட்டிவிடலாம். இந்த ஒரு விஷயத்தில் பிசிக்காரர்கள் எவ்வளவு பெருமை அடித்துக்கொண்டாலும் தகும்.

என் கணக்கு இப்படி: சுடுவது, ஓட்டுவது, கதைக்குள் மூழ்குவது என்றால் பிசியோ கன்சோலோதான். சீட்டு, புதிர், ஆற அமர யோசிக்கும் ஆட்டம் என்றால், ஒருமுறை காசு கொடுத்து வாங்கக்கூடியதாக இருந்தால், போனே போதும். இலவசக் கேம் எதுவானாலும் முதலில் அதன் கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவேன். பலத்தை விற்கிறதென்றால் அங்கேயே நீக்கிவிடுவேன்.

அத்தை இந்த ஆராய்ச்சி எதுவும் செய்வதில்லை. கேண்டி கிரஷ்ஷில் ஐந்து உயிர். ஒன்று திரும்பிவர 30 நிமிடம். ஐந்தும் தீர்ந்தால் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். இத்தனை வருடத்தில் ஒரு காசு கொடுத்ததில்லை. பிசி கேம் ஒன்றில் துப்பாக்கிக்கு வர்ணம் பூச நான் எவ்வளவு செலவழித்தேன் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.